முதல் 13 நோயாளிகள்: லேப்ராஸ்கோப்பி கற்கத் தொடங்கும் முதுநிலை மாணவருக்கு

1991ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென் மாநில அறுவை மருத்துவர்கள் சேர்ந்து, வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா வழியாகத் திரையில் பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பை அகற்றப்பட்ட 1,518 பேரின் விவரங்களை வெளியிட்டார்கள். அதில் இரண்டு எண்களை என்னால் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு குழுவும் அறுவை செய்த முதல் 13 நோயாளிகளில், பித்தத்தை ஈரலிலிருந்து குடலுக்குக் கொண்டுபோகும் பித்தநாளம் காயப்பட்டது 2.2 சதவீதம். அதற்குப் பிறகு வந்தவர்களில் 0.1 சதவீதம். மருத்துவர்கள் அதே மருத்துவர்கள்தாம். முன்னால் வந்தவர்கள் பட்ட காயத்தில் பின்னால் வந்தவர்கள் பிழைத்திருக்கிறார்கள்.

பித்தநாளக் காயம் என்னவென்று வார்டில் ஒருமுறை பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு நாளில் வீடு திரும்பியிருக்க வேண்டிய பெண், வயிற்றில் குழாயோடு வாரக்கணக்கில் படுத்திருப்பார். மஞ்சள் காமாலை, மறு அறுவை, ஆண்டுக்கணக்கில் பரிசோதனை. வேலைக்குப் போக முடியாது. அவருடைய கணவர் தினமும் சுற்று வரும் நேரத்தில் கட்டில் அருகே நின்று நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை முதன்முதலில் அகற்றியவர் ஜெர்மனியின் எரிஷ் மூஹெ, 1985இல். பிரான்சின் லியான் நகரில் ஃபிலிப் மூரே 1987இல் செய்தார். இந்தியாவில் 1990இல் மும்பையின் டெஹ்ம்டன் உத்வாடியா தொடங்கிவைத்தார். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. நமக்கு ஆள் இருக்கிறது, பயிற்சிப் பெட்டி இருக்கிறது, ஆயிரக்கணக்கான வீடியோக்கள் இருக்கின்றன. ஆகவே அந்த 13 பேரிடம் கற்க வேண்டியதில் பெரும்பகுதியை அவர்களைத் தொடுவதற்கு முன்பே கற்றுவிட முடியும். முதுநிலைப் படிப்பின் மூன்று ஆண்டுகள் அதற்குப் போதும். வரிசை மட்டும் மாறக்கூடாது: முதலில் கண், பிறகு கை, அதன் பிறகுதான் நோயாளி.

எங்கே படிப்பது

பாதை எளிதானதுதான். நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. பொது அறுவை சிகிச்சையில் சேருகிறீர்கள். மூன்று ஆண்டுகள். லேப்ராஸ்கோப்பியின் அடிப்படை இதற்குள்ளேயே வந்துவிட வேண்டும். அதற்கு மேல் இதையே தொழிலாகக் கொள்ள விரும்பினால், தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டு ஆண்டு எஃப்.என்.பி. படிப்பு இருக்கிறது, தில்லி எய்ம்ஸில் இதற்கென்றே எம்.சி.எச். என்ற உயர்சிறப்புப் படிப்பு இருக்கிறது, இரைப்பை குடல் அறுவை எம்.சி.எச். படிப்பவர்களும் இதில் நிறையச் செய்கிறார்கள். அமாசி, ஐயேஜஸ் போன்ற லேப்ராஸ்கோப்பி அறுவை மருத்துவர் சங்கங்கள் சில நாள் பயிற்சி கொடுத்துத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகின்றன. அந்தப் பயிற்சிகளுக்கு இரண்டாம் ஆண்டிலேயே போய்விடுங்கள். படிப்பெல்லாம் முடிந்த பிறகு பெயருக்குப் பின்னால் எழுத்துகளைச் சேர்க்கப் போவதில் பயன் குறைவு.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே இப்போது படித்துக்கொண்டிருக்கும் மூத்தவர் ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். "அண்ணா, அங்கே லேப்ராஸ்கோப்பி நடக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் நடக்கிறது என்றுதான் சொல்வார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். "கேமராவை யார் பிடிக்கிறார்கள்? மூன்றாம் ஆண்டு மாணவர் குடல்வால் அறுவையைத் தானே செய்கிறாரா, பேராசிரியர் அருகில் நிற்கிறாரா? பயிற்சிப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது?" கடைசிக் கேள்விதான் முக்கியம். பல இடங்களில் நல்ல பெட்டி வாங்கி, பூட்டிய அறையில் வைத்திருப்பார்கள்.

இன்னொன்று. திறந்த அறுவையைத் தாழ்வாக நினைக்காதீர்கள். லேப்ராஸ்கோப்பியில் ரத்தம் கொட்டும்போது உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான். படிப்பின் நடுவில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றும் காலம் வரும். அதை விடுமுறைபோலக் கழிக்காமல், வயிற்றைத் திறந்து வேலை செய்வதை அங்கே ஆசை தீரக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேமரா பிடிப்பது

முதலாண்டில் உங்கள் கையில் முதலில் கொடுக்கப்படுவது கேமரா. "எப்போது சார் கருவியைத் தருவார்?" என்ற ஏக்கத்தோடு அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் நம்மில் பலர் செய்யும் பெரிய தவறு. நானும் அப்படித்தான் ஆறு மாதத்தை வீணாக்கினேன்.

2003இல் வெளியான ஓர் ஆய்வில் 252 பித்தநாளக் காயங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஏன் நடந்தது என்று ஆராய்ந்தார்கள். 97 சதவீதக் காயங்களில் முதன்மைக் காரணம் கைத்திறன் குறைவு அல்ல, கண் ஏமாந்தது. முக்கியக் குழாயான பொதுப் பித்தநாளத்தைப் பார்த்து, இதுதான் பித்தப்பையின் குழாய் என்று முழு மனதோடு நம்பி, சுத்தமாக, அழகாக வெட்டியிருக்கிறார்கள். கேமரா பிடிக்கும் மாதங்கள்தாம் அந்தக் கண்ணைப் பழக்குகிற மாதங்கள். வேறெப்போதும் உங்களுக்கு இவ்வளவு நேரம் சும்மா நின்று பார்க்கக் கிடைக்காது.

பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். கேமராவின் தலையை ஒரு கை நிமிர்த்தி வைத்திருக்கட்டும். அது சாய்ந்தால் திரையில் கல்லீரலே சாய்ந்துவிடும். மறு கை ஒளிக்கேபிளுக்கு. 30 டிகிரி தொலைநோக்கியில் பார்வை நேராகப் போகாமல் ஒரு பக்கமாகச் சரிந்து போகும். ஒளிக்கேபிள் மேலே நின்றால் பார்வை கீழே, கேபிள் வலப்பக்கம் போனால் பார்வை இடப்பக்கம். இதை மனப்பாடம் செய்து பயனில்லை. பெட்டிக்குள் ஒரு தேநீர்க் கோப்பையை வைத்து, அதன் உள் அடியையும் நான்கு வெளிப்பக்கங்களையும் பார்த்துப் பழகுங்கள். ஒரு வாரத்தில் கை தானாகத் திரும்பும்.

அறுவை செய்பவரின் கருவி நுனி எப்போதும் திரையின் நடுவில் இருக்க வேண்டும். கூர்மையான கருவி உள்ளே வரும்போது, அது நுழையும் துளையிலிருந்தே அதைத் தொடர்ந்து கொண்டுவர வேண்டும். பார்வையில் படாமல் உள்ளே வரும் கொக்கி குடலைத் துளைத்தால் அப்போது யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் காய்ச்சலில்தான் தெரியும். கண்ணாடி மங்கினால் குடலில் தேய்த்துத் துடைக்காதீர்கள், வெளியே எடுத்து வெந்நீரில் கழுவுங்கள். ஒரு ஃபிளாஸ்கில் வெந்நீர் தயாராக இருக்கிறதா என்று அறுவைக்கு முன்பே பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

பார்க்கும்போதே மனத்துக்குள் பெயர் சொல்லிக்கொண்டே வாருங்கள். இது ஈரலின் அடியில் உள்ள ரூவியே பள்ளம், இது பித்தப்பையின் கழுத்து, இது ஈரலின் நான்காம் பகுதியின் அடி. ஆசிரியர் அடுத்து எங்கே போவார் என்று ஊகித்து ஒரு நொடி முன்னதாகவே அங்கே போக முடிகிறபோது நீங்கள் அறுவை செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

பெட்டி

வயிற்றுச் சுவரில் உள்ள துளைதான் கருவிக்கு அச்சு. கையை வலப்பக்கம் கொண்டுபோனால் நுனி இடப்பக்கம் போகும். திரையில் ஆழம் தெரியாது. கருவி நீளமானது, விரலின் தொடுவுணர்வு பெரும்பாலும் போய்விடும். இந்த மூன்றுக்கும் மூளை பழக வேண்டும். நோயாளியின் வயிறு அதற்கான இடம் அல்ல.

கல்லூரியில் பெட்டி கிடைக்கவில்லையென்றால் நீங்களே செய்துகொள்ளலாம். துணி வைக்கும் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் இரண்டு மூன்று துளை, துளையில் ரப்பர் ஒட்டு, உள்ளே எல்.இ.டி. விளக்கு, மேலே பழைய கைப்பேசியோ வெப்கேமராவோ. படத்தை மடிக்கணினியில் பாருங்கள். கைப்பேசித் திரையைக் குனிந்து பார்த்துப் பழகினால் கழுத்தும் கெடும், பழக்கமும் கெடும். கழித்துப்போட்ட கருவிகளை அறுவை அரங்கின் செவிலியர் அக்காவிடம் மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்.

என்ன பயிற்சி செய்வது? அமெரிக்காவில் அறுவை முதுநிலை மாணவர்கள் கட்டாயம் தேற வேண்டிய எஃப்.எல்.எஸ். என்ற லேப்ராஸ்கோப்பி அடிப்படைத் தேர்வில் ஐந்து பணிகள் உண்டு. அவற்றையே எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, ஆறு வளையங்களை ஒரு பக்கத்து ஆணிகளிலிருந்து எடுத்து, நடுவானில் மற்றக் கைக்கு மாற்றி, மறுபக்கத்து ஆணிகளில் போட்டு, பிறகு திருப்பிக் கொண்டுவருவது. இதை 48 நொடியில், ஒன்றையும் பார்வைக்கு வெளியே தவறவிடாமல் முடிப்பதே திறன் எட்டியதற்கான இலக்கு. இரண்டாவது, காஸ் துணியில் வரைந்த வட்டத்தைக் கோட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகாமல் 98 நொடியில் வெட்டுவது. முடிச்சு வளையம் போடுவதும், வெளியே முடிச்சிட்டு உள்ளே தள்ளுவதும் அடுத்தவை. கடைசியாக, உள்ளேயே தையல் போட்டு முடிச்சிடுவது. இலக்கு 112 நொடி.

அந்தக் கடைசிப் பணிதான் பெரும்பாலோர் பாதியில் விட்டுவிடும் இடம். நூலின் நீளம் 12 முதல் 15 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் சிக்கும். ஊசியை நுனியில் பிடித்து உள்ளே கொண்டுபோகாமல், ஊசிக்குச் சற்றுப் பின்னால் நூலைப் பிடித்துக் கொண்டுபோங்கள். முதல் சுற்றை இரட்டையாகச் சுற்றினால் முடிச்சு நழுவாது. நூலின் வால் குட்டையாக இருக்கட்டும். முதல் நாள் எனக்கு ஒரு முடிச்சுக்குக் கால் மணி நேரம் ஆனது. தினமும் இருபது நிமிடம் உட்கார்ந்ததில் ஏழு வாரத்தில் இரண்டு நிமிடத்துக்குள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் இருபது நிமிடம் பலமடங்கு நல்லது. கை தூங்கி எழுந்தபின்தான் கற்றதை வைத்துக்கொள்கிறது.

துணியும் வளையமும் பழகியபின் கோழிக்கு வாருங்கள். கோழித் தொடையின் தோலைச் சதையிலிருந்து பிரிப்பது, ஈரல் படுக்கையிலிருந்து பித்தப்பையைப் பிரிப்பதற்கு மிக அருகில் வரும். திராட்சையின் தோலைச் சாறு வடியாமல் உரிப்பது, திசுவைப் பிடிக்கும் கருவியான கிராஸ்பரின் அழுத்தத்தைக் கற்றுத்தரும். ஆட்டுக்குடலைத் தைத்து, உள்ளே தண்ணீர் விட்டு, கசிகிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் உண்மையில் நோயாளிக்கு உதவுகிறதா? 2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 முதுநிலை மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் கணினிவழிப் பயிற்சிக் கருவியில் குறித்த திறன் வரும்வரை பயிற்சி கொடுத்தார்கள். பிறகு எல்லோரும் பித்தப்பை அறுவை செய்தார்கள். பயிற்சி பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது.

வாயுவும் முதல் துளையும்

வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு செலுத்துவதற்குக் காரணம், அது தீப்பற்றாது, ரத்தத்தில் எளிதாகக் கரைந்து மூச்சுவழி வெளியேறும் என்பது. வழக்கமான அழுத்தம் 12 முதல் 15 மி.மீ. பாதரசம். வாயு செலுத்தும் வெரஸ் ஊசி சரியான இடத்தில் இருந்தால் தொடக்க அழுத்தம் 10க்குக் கீழே இருக்கும். அழுத்தம் ஏறி, வாயு ஓடாமல் நின்றால் நீங்கள் வயிற்றுச் சுவருக்குள்ளோ கொழுப்புத் திரையிலோ இருக்கிறீர்கள். தள்ளாதீர்கள், ஊசியை வெளியே எடுங்கள். பழைய அறுவைத் தழும்பு தொப்புளைச் சுற்றி இருந்தால் இடப்பக்க விலா விளிம்புக்கு மூன்று சென்டிமீட்டர் கீழேயுள்ள பால்மர் புள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். என் கருத்தில், புதிதாகக் கற்பவர் சிறு கீறலிட்டுக் கண்ணால் பார்த்தே உள்ளே நுழையும் ஹாசன் முறையை முதலில் கற்பது நல்லது.

வாயு போகும்போது இதயத் துடிப்பு சட்டென்று குறைந்தால் மயக்க மருத்துவர் சொல்வதற்குக் காத்திருக்காதீர்கள். வாயுவை நிறுத்தி வெளியே விடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம். வாயுவே இல்லாமலும் இந்த அறுவையைச் செய்யலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும். டாக்டர் ஜே. ஞானராஜ் போன்றவர்கள் வடகிழக்கு மாநிலக் கிராமங்களில், முதுகுத்தண்டு மயக்க ஊசி போட்டு, வயிற்றுச் சுவரைக் கம்பியால் தூக்கிப்பிடித்துச் செய்து வருகிறார்கள். பெரிய நகரத்து அரங்குகள் மட்டுமே இதற்கு உரிய இடம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

பித்தப்பை

பித்தப்பையை மேல்நோக்கி மட்டும் இழுத்தால் அதன் குழாயும் பொதுப் பித்தநாளமும் ஒரே நேர்கோட்டில் வந்து ஒரே குழாய்போலத் தெரியும். கண் ஏமாறுவது இங்கேதான். அடிப்பகுதியை மேலே தூக்கிப் பிடிக்கும்போது, கழுத்தை வலப்பக்கமாகவும் கீழாகவும் இழுக்க வேண்டும். அப்போது பித்தப்பைக் குழாய், பொதுக் கல்லீரல் நாளம், ஈரல் ஆகியவற்றுக்கு இடையிலுள்ள காலோ முக்கோணம் விரிந்து இரண்டும் பிரியும். ரூவியே பள்ளத்துக்கும் நான்காம் பகுதியின் அடிக்கும் இடையே மனத்தில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு மேலேதான் வேலை, கீழே கருவி போகக்கூடாது.

1995இல் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் விவரித்த, எதையும் வெட்டும் முன் கண்ணால் உறுதிசெய்ய வேண்டிய பாதுகாப்புப் பார்வைக்கு மூன்று நிபந்தனைகள். முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் முழுக்க நீக்கப்பட்டிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு ஈரலிலிருந்து பிரிக்கப்பட்டு, பின்னால் ஈரல் தெரிய வேண்டும். பித்தப்பைக்குள் நுழைவது இரண்டே இரண்டு அமைப்புகள் என்று தெரிய வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் இரண்டு படம் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரிடம் "உங்களுக்குத் தெரிகிறதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். மூன்றில் இரண்டு நிறைவேறினால் போதும் என்று, வெட்டும் முன் குழாயை அடைக்கும் கிளிப்பைப் போடுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் மற்ற எல்லாவற்றையும் கற்கலாம், இதை மட்டும் கற்க வேண்டாம்.

என் ஆசிரியர் ஒருவர், முப்பதாண்டு அனுபவம் உள்ளவர், ஒரு நாள் வீங்கி இறுகிப்போன பித்தப்பையில் ஒன்றரை மணி நேரம் போராடிவிட்டுக் கிளிப் கருவியைக் கீழே வைத்தார். பக்கத்து அரங்கிலிருந்து இன்னொரு பேராசிரியரை அழைத்து வரச் சொன்னார். வந்தவர் இரண்டு நிமிடம் திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கழுத்தை விட்டுவிட்டுப் பாதியை மட்டும் எடுத்துவிடலாம்" என்றார். அப்படியே செய்தார்கள். நோயாளி நலமாக வீடு போனார். பித்தப்பையின் பகுதியை விட்டுவைப்பதும், வயிற்றைத் திறப்பதும், வடிகுழாய் மட்டும் வைத்துவிட்டு வேறொரு நாள் வருவதும் அறுவையின் வழிகளே. திறந்த அறுவைக்கு மாறலாம் என்பதை ஒப்புதல் வாங்கும்போதே நோயாளியிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் மேசையில் உங்கள் மனம் தயங்காது.

கருவி கழுவும் இடம்

இதைப் பெரும்பாலான பாடத்திட்டங்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. நான் பணியாற்றிய ஓரிடத்தில், நன்றாக ஆறிய துளைத் தழும்புகளில் நான்கு ஐந்து வாரம் கழித்துக் கட்டியும் கசிவும் வந்து நோயாளிகள் திரும்பினார்கள். வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்குக் கேட்கவில்லை. காசநோய்க் கிருமியின் உறவான, தண்ணீரில் வாழும் மைக்கோபாக்டீரியா. கருவியின் மூட்டுகளுக்குள் பழைய ரத்தம், கிருமிநாசினியான குளூட்டரால்டிஹைடில் அரைகுறையாக ஊறவைத்தல், பிறகு குழாய்த் தண்ணீரில் அலசுதல். ஒரு பெண் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டார்.

ஆகவே முதலாண்டிலேயே ஒரு வாரம் கருவி கழுவும் அறையில் நில்லுங்கள். ஒவ்வொரு கருவியையும் கழற்றி, என்சைம் கரைசலில் ஊறவைத்து, குழலுக்குள் தூரிகை விட்டுத் தேய்க்க வேண்டும். ஆட்டோகிளேவ் தாங்குவதை ஆட்டோகிளேவில் போட வேண்டும், தாங்காததைப் பிளாஸ்மா அல்லது எத்திலீன் ஆக்சைடு முறைக்கு அனுப்ப வேண்டும். கழுவும்போதே கருவியின் மேலுறையில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மெல்லிய கீறல் வழியாகத்தான் மின்சாரம் பார்வைக்கு வெளியே கசிந்து குடலைச் சுடும்.

உங்கள் முதல் அறுவை

முழு அறுவையையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதலில் துளைகளைத் தைப்பது, அடுத்து ஈரலிலிருந்து பித்தப்பையைப் பிரிப்பது, அதன்பின் கிளிப், கடைசியாகத்தான் முக்கோணம். நோயறியும் லேப்ராஸ்கோப்பியும் குடல்வாலும் இதற்கு இடையில் வந்துவிடும். குடலிறக்கத்தை மூன்றாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உடற்கூற்றைத் தலைகீழாக உள்ளிருந்து பார்க்க வேண்டும், அதற்குத் தனியாகப் பழக வேண்டும்.

அன்று காலை மேசையை முழங்கை உயரத்துக்குக் கீழே இறக்குங்கள். திரை நேர் எதிரே, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே. இரண்டு கருவிகளும் நுனியில் சுமார் 60 டிகிரியில் சந்திக்கும்படி துளைகளைத் திட்டமிடுங்கள். அறுவையைப் பதிவு செய்து, அன்றிரவே முழுக்கப் பாருங்கள். எந்த நிமிடத்தில் இடக்கை சும்மா நின்றது, எங்கே பார்வைக்கு வெளியே சுட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வீடியோவைப் பார்க்கும் முன்பும் மறுநாளும் வார்டுக்குப் போங்கள். பித்தப்பை எடுத்தவர் மறுநாள் எழுந்து நடந்து, இட்லி சாப்பிட்டு, தோள்பட்டை கொஞ்சம் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்படியில்லாமல் வயிறு உப்பி, நாடி வேகமாக ஓடி, "என்னமோ சரியில்லை சார்" என்று சொன்னால், ரத்தப் பரிசோதனை சரியாக வந்திருந்தாலும் பித்தக் கசிவை நினையுங்கள். வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அன்றே ஸ்கேன் எடுத்து, உங்கள் யூனிட் தலைவரை எந்த நேரமானாலும் தொலைபேசியில் அழையுங்கள்.